கருமாதி பத்திரிகையில் "வளர்ப்பு மகள்" என்று போடலாமா?

31.10.2024, இரவு 9 மணி

நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். கருமாதி பத்திரிகையில் பிள்ளைகள் பெயர் போடும்போது, பெறாத பிள்ளைக்கு முன்னால் "வளர்ப்பு" என்று போடுவது உங்கள் ஊரில் வழக்கமா?

மாமா, அம்மாவின் அண்ணன், போன திங்கட்கிழமை தவறிவிட்டார். 79 வயது. பட்டாளத்தில் 20 வருடம் இருந்துவிட்டு 1983-இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். பரதராமி தாண்டி சித்தூர் போகும் வழியில் ஊர். மேப்பில் ஆந்திரா, வீட்டுக்குள் தமிழ். பெற்ற மகள் ஒன்று, தத்தெடுத்த மகன் ஒன்று, தத்தெடுத்த மகள் ஒன்று. 12-ஆம் தேதி காரியம். ப்ரஸ்காரர் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினார். "மகள்" என்று அக்கா பெயர், "மகன்" என்று தம்பி பெயர், நாலு விரல் இடம் விட்டு, கடைசியில், "வளர்ப்பு மகள்" என்று சின்னவள் பெயர். எழுதிக் கொடுத்தது மாமாவின் பங்காளி ஒருவர்.

தம்பியும்தான் தத்து. அவனுக்கு இல்லாத "வளர்ப்பு" இவளுக்கு ஏன்? நாளை மாலைக்குள் சரி பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள்.

31.10.2024, இரவு 11:40

தீபாவளி. எங்களுக்கு இந்த வருடம் இல்லை. சுற்றிலும் வெடிக்கிறார்கள், தூக்கம் வரவில்லை.

பட்டாளத்துக்காரருக்கு வெடிச்சத்தம் ஆகாது என்று சினிமாவில் காட்டுவார்கள். மாமா நேரெதிர். அணுகுண்டுத் திரியை அவரே கிள்ளிக் கொளுத்துவார். வெடிக்காத வெடிதான் அவருக்கு ஆகாது. புஸ்ஸென்று அணைந்துபோனதை நாங்கள் எடுக்க ஓடினால் அதட்டல் விழும். ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து அதிலிருந்து மூன்றடி தள்ளி வைப்பார், "இங்கே ஒன்று கிடக்கிறது" என்று அடையாளத்துக்கு. அரை மணி கழித்து ஒரு வாளித் தண்ணீர். மறுநாள் காலை எங்கள் வாசலில் ஏழெட்டு செங்கல் கிடக்கும். மற்ற பையன்கள் எங்கள் தெருவுக்கு வெடி பொறுக்க வரமாட்டார்கள்.

1.11.2024

அவர் எந்தப் பிரிவு என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்ராஸ் சேப்பர்ஸ். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் சென்டர் இருக்கிறதே, அது. 1780-இல் தொடங்கிய பழைய படை; பட்டாளத்தில் அவர்களுக்குப் பெயரே "தம்பி"தான். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது. 1971-இல் மாமா பங்களாதேஷ் சண்டையில், டாக்கா பக்கம் இருந்தார்.

பேச்சு குறைவு. விடியற்காலை 4:30-க்கு எழுந்து ஷேவிங். கட்டில் இருந்தும் கடைசிவரை வெறும் தரையில் பாய் போட்டுத்தான் படுப்பார். பட்டாளத்துக் கட்டுப்பாடு.

பத்திரிகை விஷயம்: ப்ரஸ்ஸில் இன்னும் ஒரு வாரம் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

2.11.2024

தவறு. நேற்று எழுதியதில் டாக்காவை அடித்துவிடுங்கள்.

என்ன மெடல் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டதால் அத்தையிடம் பிஸ்கட் டப்பாவை வாங்கித் திறந்தேன். 71 சண்டைக்காகக் கொடுத்த சங்ராம் மெடல் இருக்கிறது. அதோடு இருக்கும் நட்சத்திரத்தில் பஸ்சிமி என்று இருக்கிறது. கிழக்கே சண்டை போட்டவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே போட்டவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். ஆக மேற்கு. டப்பாவின் அடியில் இன்லாண்டு லெட்டர்கள், எல்லாவற்றிலும் 56 ஏ.பி.ஓ., அதாவது பட்டாளத் தபால் நிலைய எண். கிழக்கே என்றால் 99 ஏ.பி.ஓ. என்று இருக்க வேண்டுமாம். ஊரில் எல்லாரும் 71-ஐ "பங்களாதேஷ் சண்டை" என்றே சொல்வோம், அதனால் இவரையும் அங்கே அனுப்பிவிட்டோம். 50 வருடமாக ஒருவரும் அந்த நட்சத்திரத்தில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை.

அத்தையிடம் கேட்டால், "ஜம்மு பக்கம், ஆத்தங்கரை, கால் மரத்துப்போற குளிருன்னு சொல்வார், அவ்வளவுதான்" என்கிறார். ஷகர்கர் பகுதி, பசந்தர் ஆறு. அருண் கேத்ரபால் 21 வயதில் டாங்கியோடு நின்று செத்து பரம்வீர் சக்ரா வாங்கிய இடம், 1971 டிசம்பர் 16. அந்த டாங்கிகள் ஆற்றைத் தாண்ட, கண்ணிவெடி வயலுக்குள் பாதை திறந்தவர்கள் சேப்பர்கள். பாதை முழுதாகத் திறந்து முடிப்பதற்குள்ளேயே டாங்கிகள் உள்ளே போகவேண்டி வந்தது.

பெரிய பெரிய புத்தகத்தில் எல்லாம் டாங்கிக்காரர்கள் கதைதான் வரும். ஆற்று மணலில் கவிழ்ந்து படுத்து, கம்பியைச் சாய்த்துச் செருகிச் செருகி, தட்டுப்படுகிறதா என்று பார்த்தவன் கதையை யார் எழுதுவார்கள். சரி, தலைப்பை விட்டுப் போகிறேன்.

3.11.2024

எப்படி வந்தார்கள் என்று கேட்டவர்களுக்கு.

தம்பி, அத்தையின் சித்தப்பா மகளுடைய பிள்ளை. பிரசவத்தில் தாய் போய்விட்டாள். தகப்பனே தூக்கிவந்து மடியில் கொடுத்தார். 1986, இரண்டு வயதுப் பிள்ளை. நான் சாட்சி என்று சொல்ல முடியாது, எனக்கு அப்போது மூன்று வயது.

சின்னவள் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. 1990. அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் ஷெட் வேலை, அதனால் நான் மாமா வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் பக்கம் கரும்பு வெட்டியதும் வயலோரக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சுவார்கள். அந்தக் கொட்டகை வேலைக்கு வந்த குடும்பம். தாய் காய்ச்சலில் போனாள். தகப்பன் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று போனவன்தான். எட்டு வயதுப் பெண், பாகு அடுப்புப் பக்கத்தில் சூட்டுக்காகப் படுத்துக்கிடந்தாள். மாமா வெல்லம் எடுக்கப் போனவர், வண்டியில் வெல்லத்தோடு அவளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். "ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்" என்றார். ரெண்டு நாள் என்பது 34 வருடம்.

அவள் வந்ததில் நஷ்டப்பட்டது நான். வேலூர் மிலிட்டரி கேன்டீனிலிருந்து வரும் பிஸ்கட் பாக்கெட் நாலு பங்காயிற்று. அதைவிட, என் நம்பரைப் பிடுங்கிக்கொண்டாள். திருவிழாக் கூட்டத்துக்குப் போனால் மாமா நிறுத்தி நம்பர் சொல்லச் சொல்வார், இந்தியில், பட்டாளத்தில் எண்ணுகிற மாதிரி. அக்கா ஏக், நான் தோ, தம்பி தீன். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு வரும்போது எத்தனை கூட்டம் வரும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த வருடம் பலமநேர் ரோட்டு முனையில் நிறுத்தி எண்ணினார். நான் வழக்கம்போல "தோ" என்றேன். "நீ தீன்" என்றார். அவள் என்னைவிட ஒரு வயது பெரியவள். எட்டு வயதுப் பெண்ணை அன்றைக்கு நான் கிள்ளியது எவ்வளவு என்று அவள் இன்றும் கை நீட்டிக் காட்டுவாள்.

4.11.2024

மறுபடியும் திருத்தம். முதல் நாள் "தத்தெடுத்த மகன், தத்தெடுத்த மகள்" என்று எழுதினேன். இரும்புப் பெட்டியில் ஒரே ஒரு தத்துப் பத்திரம்தான் இருக்கிறது. தம்பியுடையது. சித்தூரில் பதிவு செய்தது.

வக்கீல் நண்பர் ஒருவர் விளக்கினார். 1956-ஆம் வருட இந்துத் தத்துச் சட்டப்படி, உயிரோடு மகன் இருந்தால் இன்னொரு ஆண் பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது, மகள் இருந்தால் பெண் பிள்ளையை முடியாது. அக்கா இருக்கிறாள், ஆகையால் சின்னவளை எடுக்க வழியில்லை. 2000-இல் வந்த சிறார் நீதிச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்தியது. அது நடைமுறைக்கு வந்த 2001-இல் இவளுக்கு 19 வயது. பிள்ளை என்ற கணக்கிலேயே அவள் இல்லை.

பங்காளி தம்பிக்கு "மகன்" என்றும் இவளுக்கு "வளர்ப்பு" என்றும் பிரித்தது ஏன் என்று இப்போது புரிகிறது. அவருக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

5.11.2024

"சட்டப்படி மகள் இல்லையென்றால் வளர்ப்பு மகள் என்று போடுவதுதானே சரி, அதில் என்ன குறை?" என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துச் சொல்கிறேன்.

6.11.2024

யோசித்தேன். குறை அந்தச் சொல்லில்.

"வளர்ப்பு" என்றதும் அடுத்து என்ன வருகிறது? வளர்ப்பு நாய், வளர்ப்புப் பிராணி. எங்கள் பத்திரிகை பாதித் தெலுங்கில் அடிப்பது, உறவில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதில் "பெம்புடு கூதுரு" என்று போட்டிருக்கிறார்கள். தெலுங்கிலும் அதே கதை, பெம்புடு குக்க என்றால் வீட்டில் வளர்க்கும் நாய். இரண்டு பாஷையும் சேர்ந்துகொண்டு ஒரே இடத்தில் உட்கார வைக்கின்றன. "எடுத்து வளர்த்த பெண்" என்று சொன்னாலாவது எடுத்தவர் கை கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதைப் பத்திரிகையில் எப்படிப் போடுவது, நீளம்.

7.11.2024

இது மாமா மேலேயே எனக்கு இருக்கும் கோபம், எழுதிவிடுகிறேன்.

முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003-இல் வந்தது. அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. பெண் என்றால் கல்யாணமாகி அல்லது வேலைக்குப் போகிறவரை. 2004-இல் சின்னவளுக்கு அப்பெண்டிக்ஸ். 22 வயது, கல்யாணமாகவில்லை. ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் "சொந்தப் பொண்ணா?" என்று கேட்டாராம். மாமா பதிலே சொல்லவில்லை. "பணம் கட்டிக்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவு 18,000 ரூபாய். அந்த வருடத்து பெங்களூரா மாங்காயைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டு, பாதி விலைக்கு முன்பணம் வாங்கித்தான் கட்டினார்.

"ஆமாம், என் பொண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எதற்கு அத்தனை நேர்மை? ஒரு பொய்க்காக நரகம் கிடைக்குமா?

8.11.2024, காலை

நேர்மை என்று எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"நேர்மையா? ரேஷன் கார்டுல மகள்னு எழுதினவர் யாரு? பள்ளிக்கூடத்துல தகப்பன் பேருக்குத் தன் பேரைப் போட்டவர் யாரு? சென்சஸ் எடுக்க வந்தவங்ககிட்ட அவளுக்கு என் சாயல்னு வேற சொன்னார்."

அப்புறம் சொன்னார்: "அந்த ஆள் கேட்டப்போ இவ பக்கத்துல நின்னுட்டிருந்தா. ஆமான்னு சொன்னா பத்திரம் எங்கேன்னு அடுத்த கேள்வி வரும். அதை இவ நின்னு கேக்கணுமா?"

20 வருடக் கோபம். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

8.11.2024, மதியம்

பென்ஷன் பற்றிக் கேட்டவருக்கு: குடும்ப பென்ஷன் அத்தைக்கு வரும், காகிதம் கொடுத்திருக்கிறோம். வருடா வருடம் நவம்பரில் லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்க மாமாவை வண்டியில் வைத்துக் கூட்டிப்போவது சின்னவளுடைய வேலை. இந்த நவம்பரில் டெத் சர்ட்டிஃபிகேட்டோடு அவளே போனாள்.

9.11.2024

பங்காளி சமாச்சாரத்துக்கு வருகிறேன். மாமா உயில் எழுதியிருக்கிறார். எல்லாம் பென்ஷன் பணத்தில் வாங்கிய சொந்தச் சம்பாத்தியம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று இல்லை, இரண்டு சாட்சி போதும்; ஆனாலும் பதிவு செய்திருக்கிறார். கிணற்று மேட்டில் 60 சென்ட் சின்னவளுக்கு. தத்து மகள் இல்லையாதலால் உயில் இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு சென்ட்டும் வராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணிவெடி எடுத்த ஆள். எது எங்கே புதைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் போயிருக்கிறார்.

அந்தக் கிணற்று மேட்டை ஒட்டித்தான் பங்காளியின் நிலம். "வளர்ப்பு" எங்கிருந்து வந்தது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு ஊருக்குப் போய் நேரில் கேட்கப்போகிறேன்.

10.11.2024, இரவு

கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தார். 2006-இல் சின்னவள் கல்யாணப் பத்திரிகை. மாமா அடித்தது. "எனது வளர்ப்பு மகள்" என்று கொட்டை எழுத்தில். "அவரே போட்டதைத்தானே நான் பார்த்து எழுதினேன், என் மேலே ஏன்டா பாயறே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு அவர் கொடுத்த காபியைக் குடித்தேன்.

நேற்று நான் எழுதியது அபாண்டம். அழிக்கவில்லை, இருக்கட்டும், கீழே இதையும் படிப்பீர்கள்.

சின்னவளைக் கேட்டேன். "நைனா என்னைக் கேட்டுத்தான் போட்டாரு. கல்யாணத்துக்கு அப்புறம் மறைச்சுக் கட்டிவெச்சாங்கன்னு ஒரு பேச்சு வரக்கூடாதுன்னாரு. நானும் சரின்னேன்" என்றாள். வருத்தமாகவும் சொல்லவில்லை. தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

அப்போது இவ்வளவு நாளும் நான் சண்டை போட்டது யாருக்காக?

11.11.2024, விடியற்காலை

தூங்கவில்லை. இதை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

நேற்று ராத்திரி அக்காவும் சின்னவளும் நானும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் கழிப்பறை கொல்லைக் கோடியில், வேலி ஓரம். விளக்கு கிடையாது. கௌண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்கும் பக்கம், கண்ணாடி விரியன் வேறு. சின்னவள் வந்த புதிதில் இருட்டினால் வெளியே போகமாட்டாளாம், படுக்கையிலேயே போய்விடுவாள். யாரிடமும் சொல்லவும் மாட்டாள். மாமா மூன்றாம் நாள், பின்வாசலிலிருந்து கழிப்பறை வரை இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடித்து, முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நாடா கட்டினார். இருட்டிலும் வெள்ளை மங்கலாகத் தெரியும். "இந்த ரெண்டு நாடாவுக்கு நடுவுல நான் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல. இதுக்குள்ள நட" என்றாராம்.

நாடா எனக்கும் நினைவிருக்கிறது. துணி காயப்போடக் கட்டியது என்று நினைத்திருந்தேன், அதைத் தாண்டிக் குதித்து விளையாடியிருக்கிறேன். சுத்தம் செய்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவது சேப்பர்கள் வழக்கம் என்று போன வாரம் இதே இழைக்காகப் படித்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"அத்தனை நாடாவுக்கு எங்கே போனார்?" என்று கேட்டேன். அக்கா, "கட்டில் நாடா" என்றாள். அவருடைய நாடாக் கட்டிலைப் பிரித்துத்தான் கட்டியிருக்கிறார். மழையிலும் வெயிலிலும் இற்றுப்போனது. புது நாடா வாங்கிப் பின்னவே இல்லை. வெறும் சட்டமாக அது இன்றும் பரண் மேல் கிடக்கிறது.

1-ஆம் தேதி எழுதியதில் "பட்டாளத்துக் கட்டுப்பாடு, தரையில் படுப்பார்" என்பதையும் அடித்துவிடுங்கள்.

11.11.2024, காலை 10 மணி

பத்திரிகைக்குத் தீர்ப்பு வந்தாயிற்று. அத்தை. கல்யாணப் பத்திரிகையைக் காட்டி, "மாமாவே இப்படிப் போட்டிருக்கிறார், என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டது. இது அவருக்குப் போடறது. போனைக் குடு" என்று வாங்கி ப்ரஸ்காரருக்கு அவரே சொன்னார். மகன், மகள், வளர்ப்பு ஒன்றும் வேண்டாமாம். "மக்கள்" என்று ஒரே தலைப்பு, பெயர்கள் ஒரே வரி, எல்லாம் ஒரே அளவு எழுத்து. தெலுங்குப் பக்கத்தில் "பில்லலு". நான் பத்து நாளாக இழை வளர்த்ததை அவர் ஒரு நிமிஷத்தில் முடித்தார். பழைய பத்திரிகைகளில் "மக்கள், மருமக்கள்" என்று போடுவது எனக்கும் தெரியும்தான். தோன்றவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் பத்திரிகை அடித்து யாருக்குக் கொடுப்பது என்று கேட்காதீர்கள். போனில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. வருகிறவர்கள் கையில் கொடுக்கத்தான்.

12.11.2024

காரியம் முடிந்தது. தம்பி மொட்டை போட்டான். முன்னாள் ராணுவத்தினர் நாலு பேர் சட்டையில் மெடலைக் குத்திக்கொண்டு வந்து, படத்துக்கு சல்யூட் அடித்துவிட்டு, சாப்பிடாமல் போகப் பார்த்தார்கள். பங்காளிதான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நல்ல மனுஷன். கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான்.

பத்திரிகைக் கட்டு 11 மணிக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் "மக்கள்" வரியில் நாலு பெயர். அக்கா, சின்னவள், நான், தம்பி. அத்தை எங்களைச் சாப்பிடக் கூப்பிடும் வரிசையிலேயே போனில் சொல்லியிருக்கிறார், ப்ரஸ்காரர் அப்படியே அடித்துவிட்டார். மூன்றாவதாக நான்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இங்கே நிக்கறேன். என்னைக் கேக்காம உன்னை யாருடா தத்துக் குடுத்தது?"

பங்காளி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "கிணத்து மேட்டுல இவனுக்கும் பங்கு இருக்கா?"

13.11.2024

200 அடித்தது, 40 மீதி இருக்கிறது. படம் கேட்டவர்களுக்குப் பெயர்களை மறைத்துவிட்டு நாளைக்குப் போடுகிறேன்.